வேலையில்லாதோர் மாநாட்டில் எங்களுக்குக் கிடைத்த வேலை

வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசுவதற்காக அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் விமானம் ஏறி யாங்கோனுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பை கொடுக்கவும் நாற்காலி காட்டவும் இரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள். அந்த இரண்டு பெண்கள் நானும் என் தோழியும். அதற்கு முன்னால் நாங்கள் ஒரு வேலையும் பார்த்ததில்லை. அப்படித்தான் நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் நாடு பக்கத்து நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்ந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக்கிடந்து திறந்த சமயம் அது. நாங்கள் இரண்டு பேரும் தபால் வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தோம். பட்டம் வாங்கிய படத்தைச் சட்டம் போட்டு மாட்டியதோடு சரி. அதற்குப் பிறகு யாரும் என் படிப்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீடு யாங்கோனின் ஓரத்தில், தாகேதாவில். அப்பா துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தார். அம்மா தெருமுனையில் தோசை சுட்டு விற்றாள். விடியுமுன்பே மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு நானும் அவளோடு போவேன். சட்னி அரைப்பது, இலை மடிப்பது, பாக்கிச் சில்லறை கொடுப்பது எல்லாம் நான்தான். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். தோழிக்கு நகரின் நடுவே லான்மடாவில் வீடு. கீழே அவளுடைய அத்தாவின், அதாவது அப்பாவின், குடைக்கடை, மேலே குடியிருப்பு. காலையில் கடை திறந்தது முதல் அடைக்கும் வரைக்கும் அவள்தான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒடிந்த கம்பியைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ஊர்க் குடை என்று சொல்லிவிடுவாள். யாராவது வந்து, "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம்.

"சும்மாதான் இருக்கேன்."

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் அந்தக் கடைக்கு ஒரு சயாமா வந்தார். பர்மாவில் டீச்சரையும் சயாமா என்போம், மரியாதைக்குரிய எந்தப் பெண்மணியையும் சயாமா என்போம். இவர் கூட்டங்களும் கருத்தரங்குகளும் நடத்திக்கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகம் வைத்திருந்தார். வெளிநாட்டு விருந்தாளிகளுக்குப் பரிசாகக் கொடுக்க ஒரே நிறத்தில் குடைகள் வேண்டும் என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக, இங்கிலீஷ் தெரிந்த பெண் பிள்ளைகள் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். தோழியின் அத்தா உடனே மகளைக் கை காட்டினார்.

"என் மவ பேசுவா சயாமா. பட்டம் வாங்குனவ. ஆனா ஒத்தையா அனுப்ப மாட்டேன். அவ கூட்டாளிப் புள்ள ஒண்ணு தாகேதாவுல இருக்கு. ரெண்டு பேருமா வந்தாத்தான்."

இப்படித்தான் குடையோடு சேர்த்து நாங்களும் போனோம்.

என் வீட்டில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் பட்டுத் தமேன் இரவல் வாங்கி வந்தாள். தமேன் என்பது பர்மாப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கட்டுகிற துணி. பட்டில் அதைக் கட்டினால் எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. அந்த அக்கா என்னைவிட இரண்டு சுற்றுப் பெருத்தவள், துணி எனக்கு ஏகத்துக்கும் பெரியது. அம்மா மூன்று ஊக்கு குத்திவிட்டு, "மூச்சை மட்டும் இழுத்து விடாதே" என்றாள். தலைக்குப் பூ வைத்து, கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, அந்தக் கோலத்தில் நான் லைன்கார் என்று நாங்கள் சொல்லும் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு பசுண்டாங் ஓடைப் பாலத்தைத் தாண்டினேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "கல்யாணமா தங்கச்சி?" என்று கேட்டான். "இல்ல, வேலைக்குப் போறேன்" என்று கத்தினேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். 

ஹோட்டலில் ஏசி. அதில் நின்று பழக்கமில்லாததால் தோழிக்கு முதல் பத்து நிமிடம் தும்மல். ஆட்கள் வர வர, "வெல்கம் டு யாங்கோன்" என்று சொல்லிப் பையைக் கொடுத்தோம். பைக்குள் ஒரு பேனா, எழுதத் தாள்கள், அந்தக் குடை. மண்டபத்தின் முன்னால் வெள்ளைத் திரை. அதில் கூட்டமைப்பு நாடுகளை வரிசையாகப் போட்டு, எந்த நாட்டில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கட்டங்கட்டமாகக் காட்டினார்கள். எண்கள் எனக்கு இப்போது நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. பணக்கார நாடுகளின் தூண் உயரமாகவும், எங்களைப் போன்ற ஏழை நாடுகளின் தூண் குட்டையாகவும் இருந்தது. நான் சுவரோரம் நின்றபடி தோழியின் காதில் கிசுகிசுத்தேன்.

"அடியே, படத்தைத் தலைகீழா மாட்டிட்டாங்களா?"

"நீ சும்மா இரு. உன்னால எனக்குச் சிரிப்பு வருது."

அவளுக்குச் சிரிப்பு வந்தால் அது ஒரு வியாதி மாதிரி. சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தொற்றும். பரீட்சை மண்டபத்தில் எங்கள் இருவரையும் இதற்காகவே தனித்தனி மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மதியம் விருந்து. நீள மேசையில் வரிசையாகப் பாத்திரங்கள். விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிட வேண்டும். பசியில் பூச்சாடிக்குப் பின்னால் நின்று எல்லோருடைய தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம். தமிழில் பேசினால் அங்கே யாருக்கும் புரியாது என்பது எங்கள் தைரியம். பட்டிக் சட்டை போட்ட ஒரு மீசைக்காரர், மலேசியாவிலிருந்து வந்தவர், தட்டில் வடையை மலை மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயரட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெயர் மாதிரி இருந்ததால் நாங்கள் ஒன்றும் யோசிக்கவில்லை.

"பாருடி அந்த மீசையை" என்றாள் தோழி. "ஒரு வாரமா அவங்க வூட்டுல அடுப்பே பத்த வைக்கல போல."

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பா" என்றேன் நான். "அதான் கூட்டம்னதும் ஓடி வந்துட்டாரு."

மீசைக்காரர் தட்டோடு திரும்பினார். நேராக எங்களிடம் வந்தார்.

"தங்கச்சி, பொண்டாட்டி வீட்டுலதான் இருக்கா லா. இந்த வடை எனக்கில்ல. அந்த மேசைல எல்லாருக்கும் சேத்து எடுத்தேன்."

பூச்சாடிக்குள் இறங்கி ஒளிந்துகொள்ள முடியுமானால் நான் இறங்கியிருப்பேன். தோழி "யா அல்லா" என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் கையைக் கூப்பி, "அண்ணே, மன்னிச்சுக்குங்க, தெரியாமப் பேசிட்டோம்" என்று உளறினேன். அவரும் சிரித்தார். அவருடைய தாத்தா காலத்தில் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போன குடும்பமாம். பர்மாவில் தமிழ் காதில் விழும் என்று அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லையாம்.

"சரி, ரெண்டு பேரும் இந்த ஹோட்டல்லயா வேலை பாக்குறீங்க?"

"இல்லண்ணே. இந்த மூணு நாளைக்குத்தான். மத்தபடி எங்களுக்கு வேலை இல்ல."

அவர் கண்கள் விரிந்தன. என் கையைப் பிடிக்காத குறையாகத் தம் மேசைக்கு அழைத்துப் போய், அங்கே இருந்தவர்களிடம் இங்கிலீஷில் அறிவித்தார்.

"நண்பர்களே, காலையிலிருந்து நாம் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமோ, அவர்களில் இரண்டு பேர் இங்கேயே இருக்கிறார்கள்!"

மேசையே எழுந்து நின்றது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த அம்மாள் ஒருவர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு, எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். தாய்லாந்துக்காரர் படம் எடுத்தார். இந்தோனேஷியாக்காரர் தட்டில் எங்களுக்கும் வடை வைத்தார். காட்டில் அபூர்வப் பறவையைக் கண்டவர்கள் மாதிரி எங்களைச் சுற்றி நின்றார்கள். அத்தனை வருடங்களாக வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வந்த ஒரு விஷயத்தைச் சொன்னதற்காக எனக்கு வடை கிடைத்தது. நான் இரண்டு தின்றேன்.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. போன வாரம் என்ன செய்தாய் என்றார் தாய்லாந்துக்காரர். தோசையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் உனக்கு வேலை இருக்கிறதே" என்றார். எனக்குச் சம்பளம் கிடையாது என்றேன். "அதனால் என்ன, குடும்பத் தொழிலில் உதவி செய்தாலும் வேலைதான்" என்றார். "எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டாமா?" என்று வேறொருவர் குறுக்கே விழுந்தார். வேலை தேடுகிறாளா என்பதுதான் முக்கியம் என்றார் பிலிப்பைன்ஸ் அம்மாள். தேடி அலுத்துப்போய் விட்டவளையும் எங்கள் கணக்கில் சேர்ப்போம் என்றார் இந்தோனேஷியாக்காரர். எங்களைப் பற்றி எங்கள் தலைக்கு மேலே ஐந்து இங்கிலீஷ்கள் பறந்தன. தோழி என்னிடம் தமிழில் கேட்டாள்.

"கடைசியா நமக்கு வேலை இருக்கா, இல்லையா?"

"முடிவு பண்ணிக்கிட்டு இருக்காங்க. நீ சாப்பிடு."

மதியக் கூட்டம் தொடங்கியதும் கரண்ட் போனது. யாங்கோனில் இருப்பவர்கள் அதைக் கவனிக்கவே மாட்டோம், விருந்தாளிகள்தான் "ஆ" என்றார்கள். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு விளக்குகள் திரும்ப வந்த அதே நொடியில் படங்காட்டும் பெட்டியின் பல்பு பட்டென்று வெடித்தது. தூண்கள் மறைந்தன. வெள்ளைத் திரை மட்டும் தொங்கியது. வேறு பல்பு வாங்க ஆள் ஓடினான். அந்த நேரக் கூட்டத்துக்குத் தலைவர் பிலிப்பைன்ஸ் அம்மாள். அவர் மைக்கில், "படம் இல்லாவிட்டால் என்ன, நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லி எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

சயாமாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். போகாதே என்கிறாரா போ என்கிறாரா என்று தெரியவில்லை. தோழி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மேடைக்குப் போவதற்குள் ஒரு ஊக்கு கழன்று போனது எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு ஒரு கையால் தமேனைப் பிடித்துக்கொண்டேதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

அம்மாள் மண்டபத்தை மூன்றாகப் பிரித்தார். ஜன்னல் பக்கம் போனால், இவளுக்கு வேலை இருக்கிறது என்று பொருள். கதவுப் பக்கம் போனால் வேலை இல்லை. டீ மேசைப் பக்கம் போனால் இரண்டும் இல்லை, இவள் கணக்கிலேயே வரமாட்டாள். ஒவ்வொருவரும் தங்கள் நாட்டு முறைப்படி என்னை எங்கே வைப்பார்களோ அங்கே போய் நிற்க வேண்டும். கோட்டும் டையும் அணிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி எழுந்தார்கள்.

"போன வாரம் ஒரு மணி நேரமாவது ஏதாவது வேலை செய்தாயா?"

"இல்லை மேடம். அம்மாவோடு சேர்ந்து தோசை விற்றேன், அவ்வளவுதான்."

பாதி மண்டபம் ஜன்னலுக்கு நகர்ந்தது.

"அதற்கு உனக்குப் பணம் கிடைக்குமா?"

"திருவிழாவுக்குப் புதுத் துணி எடுத்துத் தருவாங்க."

ஜன்னலிலிருந்து மூன்று பேர் திரும்பி நடுவுக்கு வந்தார்கள். ஒருவர் போவதா வருவதா என்று தெரியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வேலை தேடுகிறாயா?"

"முன்னே தேடினேன். இப்போது தேடுவதில்லை."

"ஏன்?"

 வாய் தானாகச் சொன்னது.

"இருந்தால்தானே தேடுவேன்?"

மலேசியா அண்ணனும் இந்தோனேஷியாக்காரரும் கதவை நோக்கி ஓட்டமாகவே ஓடினார்கள். இன்னும் சிலர் டீ மேசைக்குப் போனார்கள். ஒருவர் போன சாக்கில் டீயும் ஊற்றிக்கொண்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. தேடுவதை நான் விட்டுவிட்டேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அதை மைக்கில், அத்தனை நாட்டுக்காரர்கள் முன்னால் கண்டுபிடித்தேன்.

"இப்போது ஒரு வேலை கொடுத்தால் எப்போது வருவாய்?"

"இப்பவே மேடம்!"

இரண்டு கையையும் விரித்துச் சொல்லிவிட்டேன். தமேன் சறுக்கியது. தோழி பாய்ந்து பின்னாலிருந்து பிடித்தாள், இல்லாவிட்டால் கூட்டமைப்பின் மானத்தோடு என் மானமும் போயிருக்கும். அவ்வளவுதான், அவளுக்கு அந்த வியாதி வந்துவிட்டது. தோள் குலுங்கியது. எனக்குத் தொற்றியது. முன்வரிசையில் இருந்த தாய்லாந்து அம்மாள் ஒருவருக்குத் தொற்றியது. யாருக்கும் காரணம் தெரியாமல் மண்டபமே கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தலைவர் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"சரி, இந்த நிமிடம் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய்?"

"உங்களுக்குப் பை கொடுக்கும் வேலை மேடம். சம்பளத்துக்கு."

 அடுத்த கணம் கதவோரம் நின்றவர்களும் டீ மேசைக்காரர்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். டீ சிந்தியது. ஒருவருடைய செருப்பு தனியாகக் கிடந்தது. நடு மண்டபத்தில் ஒரே ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் நாட்டின் சார்பில் வந்திருந்த வயதான அதிகாரி. காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஐயா, நீங்கள் எந்தப் பக்கம்?" என்றார் தலைவர் அம்மாள்.

அவர் மெதுவாகச் சிரித்தார்.

"எனக்கு முழங்கால் வலி. நீங்களெல்லாம் ஓடி முடித்து ஒரு இடத்தில் நில்லுங்கள். நான் பிறகு வருகிறேன்."

புதுப் பல்பு வந்து தூண்கள் மறுபடியும் திரையில் நின்றபோது, ஒவ்வொரு தூணுக்கும் கீழே யார் யாரை எப்படிக் கணக்கெடுத்தோம் என்று எழுதியாக வேண்டும், அதில்லாமல் நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்று எல்லோரும் பேசினார்கள். மாலை வரை அந்தப் பேச்சுதான். நான் சுவரோரம் நின்று காலி டீக் கோப்பைகளை அடுக்கினேன். சயாமா என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு ஊக்கு அதிகமாகக் குத்திக்கொண்டு வா" என்றார்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் விடியற்காலை தூறலில் அம்மாவும் நானும் தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் சந்துக்குள் டாக்ஸி ஒன்று தண்ணீரைத் தெறித்துக்கொண்டு வந்து நின்றது. முதலில் மீசை இறங்கியது. பிறகு பிலிப்பைன்ஸ் அம்மாள், அவருக்குப் பின்னால் தாய்லாந்துக்காரர். மூன்று பேர் கையிலும் தோழியின் கடைக் குடை. நேற்று நான் எந்தத் தெரு என்று சொன்னதை அண்ணன் ஞாபகம் வைத்திருக்கிறார்.

"பெரியம்மா, ஹோட்டல்ல ரொட்டி சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு. தோசை கிடைக்குமா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "முன்னமே சொல்லக் கூடாதா? நான் இந்தப் பழைய துணியோட நிக்கிறேன்" என்றாள். சந்துக்காரர்கள் அத்தனை பேரும் ஜன்னலில் நின்றார்கள். வெளிநாட்டுக்காரர்கள் எதற்கு வந்தார்கள் என்று விசாரிக்க, பேட்டை நிர்வாகத்தைப் பார்க்கும் வார்டுக்காரர் ஒருவர் வந்தார். அம்மா அவரையும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத் தோசை கொடுத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். பிலிப்பைன்ஸ் அம்மாளுக்கு மட்டும் நேற்றைய விளையாட்டு தீரவில்லை. அண்ணனை மொழிபெயர்க்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு இந்தம்மா கேக்குறாங்க பெரியம்மா."

அம்மா ஒரு கையால் மாவை ஊற்றித் தேய்த்தாள். மறு கையால் விறகைத் தள்ளினாள். வார்டுக்காரருக்குச் சாம்பார் ஊற்றச் சொல்லி என்னைக் கண்ணால் ஏவினாள்.

"எனக்கேது வேலை? எங்க வீட்டுக்காரர்தான் துறைமுகத்துல வேலை பாக்குறாரு. நான் வீட்டோட சும்மா இருக்கேன்."

அண்ணன் இங்கிலீஷில் சொன்னார். பிலிப்பைன்ஸ் அம்மாள் சிரிக்கவில்லை. தோசைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் மாவுக் கை அவருடைய முதுகில் அப்படியே பதிந்தது. அன்றைய கூட்டத்துக்கு அவர் அந்த அச்சோடுதான் வந்தார். துடைத்துவிடுகிறேன் என்று நான் சொன்னதற்கு வேண்டாம் என்றார்.

கூட்டம் முடிந்த அடுத்த வாரம் சயாமா எங்களைத் தம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். லான்மடாவில் ஒரு மாடி அறை. இரண்டு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம், ஓயாமல் ஒழுகும் கூரை. கூட்டமைப்பு நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விகளை வைத்துச் சின்ன அளவில் வீடு வீடாகக் கேட்டுப் பார்க்கப் போகிறார்களாம். யாங்கோனில் கேட்பதற்கு ஆள் வேண்டும். தலைவர் அம்மாள் எங்கள் இருவரையும்தான் சொல்லியிருக்கிறாராம். "இப்பவே வருகிறேன் என்றாயே, வருகிறாயா?" என்று சயாமா கேட்டார். தோழி அத்தாவிடம் கேட்க வேண்டும் என்றாள். அத்தா ஒரே வார்த்தையில் சம்மதித்தார். எங்களுக்கு ஆளுக்கொரு குடையும் கொடுத்தார், கடையில் இருந்ததிலேயே நல்லது.

முதலில் அனுப்பிய இடம் டாலா. ஆற்றுக்கு அந்தப் பக்கம், படகில் போக வேண்டும். படகில் கூடைக்காரிகள், கோழிகள், அவித்த காடை முட்டை விற்பவர்கள். நாங்கள் இரண்டு பேரும் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றில் முக்காடும் தலைமுடியும் பறக்க, என்ன கேட்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொண்டோம். இறங்கியதும் ஒரு சைக்கா கிடைத்தது, சைக்கிளுக்குப் பக்கத்தில் முதுகோடு முதுகாக இரண்டு இருக்கை வைத்தது. சைக்காக்காரர் வயது நாற்பதிருக்கும், வெற்றிலை வாய், பேச்சுப் பிரியர். ஆகோ, அதாவது அண்ணே, என்று கூப்பிட்டு அவரையே முதல் ஆளாகக் கேட்டோம்.

"ஆகோ, போன வாரம் வேலை பார்த்தீர்களா?"

"ஏன், வேலை கொடுக்கிறீர்களா?"

"இல்லை, கேட்க மட்டும்தான் வந்தோம்."

"கேட்பதுதான் உங்கள் வேலையா? நல்ல வேலையாக இருக்கிறதே" என்று சொல்லி மிதிக்க ஆரம்பித்தார்.

அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். நாங்கள் ஒரு வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, நகரத்திலிருந்து இரண்டு சயாமாக்கள் வந்திருக்கிறார்கள், வேலையைப் பற்றி எழுதிக்கொண்டு போகிறார்கள் என்று அடுத்த வீட்டில் சொல்லிவைத்தார். மூன்றாவது வீட்டில் எங்களுக்காகப் பாய் விரித்திருந்தார்கள். நான்காவது வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் வாசல் நிறைய ஆட்கள். வேலை இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இல்லவே இல்லை என்றார்கள். வலை பின்னிக்கொண்டே இல்லை என்றார்கள். அரிசி புடைத்துக்கொண்டே இல்லை என்றார்கள். ஒரு பெரியவர் மகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்து, "இவனுக்கும் இல்லை, எழுதிக்கொள்" என்றார். நாங்கள் வேலை கொடுக்க வந்தவர்கள் இல்லை என்று நான் பர்மிய மொழியில் தெளிவாக, சத்தமாகச் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். ஒரு அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்து, "தெரியும் மகளே, முதலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றாள்.

தோழியின் தோள் குலுங்கத் தொடங்கியது.

"இப்ப வேணாம்டி" என்றேன். "சத்தியமா இப்ப வேணாம்."

அவளால் முடியவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு மிச்சக் கேள்விகளைக் கேட்டு முடித்தேன். வாசலுக்கு வந்தால் கூட்டம் சந்து முனை வரைக்கும் நின்றது. சைக்காக்காரர் அப்போதுதான் தாம் செய்த காரியத்தைப் புரிந்துகொண்டார். "ஏறுங்கள், ஏறுங்கள்" என்று எங்களை ஏற்றிக்கொண்டு மிதித்தார். மழை கொட்டியது. பின்னால் பிள்ளைகள் ஓடி வந்தார்கள், பெண்கள் கைவீசினார்கள். யாரோ ஒருத்தி ஓடி வந்து தோழியின் மடியில் கொய்யாப்பழங்களைப் போட்டுவிட்டு, "எங்கள் வீடு மூங்கில் வேலி போட்டது, மறந்துவிடாதே" என்று கத்தினாள். நாங்கள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, குடை இரண்டும் மேல்நோக்கி மடங்கிப்போக, சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டு படகுத் துறைக்கு வந்தோம். கூலி வாங்க அந்த மனிதர் மறுத்தார். திணித்துவிட்டு வந்தோம்.

படகில் கொய்யாவை உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றோம். பாதி ஆற்றில் சிரிப்பு அடங்கியது. தோழி பின்னால் நகரும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு நெஜமாவே வேலை வேணும்டி" என்றாள்.

"தெரியும்."

"சயாமாகிட்ட என்ன சொல்றது?"

நடந்ததை நடந்தபடி சொன்னோம். சயாமா கேட்டுவிட்டு, அடுத்த முறை பேச்சை எப்படித் தொடங்க வேண்டும் என்று எங்களோடு உட்கார்ந்து புதிதாக யோசித்தார். வேலை என்ற சொல்லையே முதலில் எடுக்கக் கூடாது, நேற்று காலை எழுந்ததும் என்ன செய்தீர்கள் என்று தொடங்க வேண்டும் என்று முடிவானது. அது பலித்தது. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஜனங்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள் என்பதை அந்த மழைக்காலத்தில் கற்றுக்கொண்டேன். மூங்கில் வேலி வீட்டுக்காரியை மறுபடி பார்க்கப் போனபோது தன் நாளை அவள் சொல்லி முடிக்கவே ஒரு மத்தியானம் ஆயிற்று. கூட்டமைப்பு நாடுகளின் முடிவுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புத்தகமாக வந்தபோது என்னைப் போலத் தேடி அலுத்தவர்களையும் சேர்த்ததால் எங்கள் தூண் முன்பைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சயாமா எல்லோருக்கும் மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மோஹிங்கா வாங்கிக்கொடுத்தார், சாப்பிட்டோம்.

தோழி சில வருடங்களில் கல்யாணமாகிக் கோலாலம்பூருக்குப் போனாள். அங்கே மாமனாரின் துணிக்கடையில் உட்காருகிறாள், கணக்கு வழக்கெல்லாம் அவள் கையில். நான் அந்த ஒழுகும் மாடியிலேயே இருந்துவிட்டேன். இரண்டு மேசை ஆறு மேசை ஆயிற்று, கூரை மட்டும் அப்படியேதான். போன மாதம் தோழி போன் செய்தாள். கணக்கெடுப்புக்காரப் பெண் ஒருத்தி அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, போன வாரம் ஏதாவது வேலை செய்தீர்களா என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? சிரிப்பு வந்துருச்சு. பாவம், அந்தப் புள்ளையும் சேந்து சிரிக்க ஆரம்பிச்சுட்டா. உள்ள கூப்புட்டு உக்கார வச்சு டீ கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்."